கரணத்தோடு ஒரு சுலோகம்: கலைஞரும் வடிவமைப்பாளரும் எழுதப் பழகுவது

சிதம்பரம் நடராசர் கோயிலுக்குக் கிழக்குக் கோபுரம் வழியாக வருகிறவர்களில் பெரும்பாலோர் வாசலில் நிற்பதில்லை. பூசைக்கு நேரமாகிவிடும் என்ற அவசரம். ஆனால் அந்த வாசலின் இரு பக்கமும் கட்டம் கட்டமாகப் பெண்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பரதரின் நாட்டிய சாஸ்திரம் நான்காம் அத்தியாயத்தில் வரிசைப்படுத்தும் 108 கரணங்கள் அவை. கோயிலின் நான்கு கோபுரங்களிலும் கரணச் சிற்பங்கள் உண்டு. கிழக்கிலும் மேற்கிலும் மட்டும் கூடுதலாக ஒரு வேலை செய்திருக்கிறார்கள்: சிற்பத்தோடு சேர்த்து, அந்தக் கரணத்துக்குரிய சுலோகத்தையும் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சிற்பம்தான் கண்ணெதிரே இருக்கிறதே, எழுத்து எதற்கு?

முதல் கரணமான தலபுஷ்பபுடத்தை எடுத்துக்கொண்டால் விடை தெரியும். சுலோகம் இரண்டே அடி. அதற்குள் கை எந்த முத்திரையில் இருக்க வேண்டும் (பூ ஏந்துவதுபோல் இரண்டும் சேர்ந்து), அது உடலின் எந்தப் பக்கம் வர வேண்டும் (இடப்பக்கம்), பாதம் எப்படி நகர வேண்டும் (குதிகால் உயர்ந்து முன்பாதத்தில்), விலா எப்படி வளைய வேண்டும் என்று நான்கு செய்திகள். அலங்காரச் சொல் கிடையாது. 'அழகிய', 'தெய்விக' என்ற அடைமொழி கிடையாது. கரணம் என்பது அசைவு. கல்லில் அந்த அசைவின் ஒரு கணம்தான் நிற்கும்; அதற்கு முன்னும் பின்னும் உடல் என்ன செய்தது என்பதைச் சுலோகம் சொல்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்திலும் கரணங்கள் உண்டு. அங்கே ஆடுவது சிவனே. 81 சிற்பங்கள் முடிந்திருக்கின்றன. மீதி 27 கற்கள் செதுக்கப்படாமல் வெறுமையாக நிற்கின்றன. அங்கே சுலோகங்கள் இல்லாததால் எது எந்தக் கரணம் என்பதை நூலோடு ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் கல்லே விளக்கம் சொல்லிவிட்டது. நாராயணசாமி நாயுடுவும் அவரோடு இருவரும் சேர்ந்து 1936இல் வெளியிட்ட 'தாண்டவ லட்சணம்' இந்தச் சிற்பங்களின் படங்களையும் சாஸ்திரத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பேசுகிற நூல். பின்னாளில் பத்மா சுப்ரமணியம் கரணங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ததும் இதே ஊரின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான். கரணங்கள் உறைந்த நிலைகள் என்ற எண்ணத்தை மாற்றி, அவை அசைவுகள் என்று ஆடிக் காட்டியவர் அவர்.

ஓவியர், சிற்பி, வடிவமைப்பாளர், பொம்மை செய்பவர் என்று கையால் உருவாக்குகிற எவரும் எழுதும்போது இந்தக் கோபுரத்து ஏற்பாட்டை முன்னால் வைத்துக்கொள்ளலாம். கண் பார்த்துவிட்டதை எழுத்து திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கு எட்டாதது எதுவோ, அதை எழுதினால் போதும். பெயர்ப் பலகையிலிருந்து விலைக் கடிதம் வரை இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாமே அந்த ஒரு யோசனையின் கிளைகள்.

படத்தின் பக்கத்தில் வைக்கும் அட்டை

கண்காட்சிகளில் அதிகம் படிக்கப்படும் எழுத்து, படத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவு அட்டைதான். அதிகம் வீணடிக்கப்படுவதும் அதுவே.

சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டை ஒருவர் நீர்வண்ணத்தில் தீட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் இப்படி எழுதுகிறார்:

"இயற்கை அன்னையின் பேரழகை வண்ணங்களில் வடித்த உன்னதப் படைப்பு. பிச்சாவரத்தின் அமைதி பார்ப்பவர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறது."

அழகா, அமைதியா என்று பார்ப்பவரே முடிவு செய்துகொள்வார். அவருக்குத் தெரியாத எதையும் அட்டை சொல்லவில்லை. அதே இடத்தில் இப்படி எழுதலாம்:

"பிச்சாவரம், நீர் வற்றிய நேரம். 2024. நீர்வண்ணம், கையால் செய்த தாள். 38 × 56 செ.மீ. இடது ஓரத்தில் சிவந்த இலையோடு நிற்பது தில்லை மரம். சிதம்பரத்தின் பழம்பெயர் இதனால் வந்தது. கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும் என்பதால் படகுக்காரர்கள் இதை ஒட்டிப் படகை விடுவதில்லை."

இதைப் படித்தவர் மறுபடி படத்தைப் பார்ப்பார். இடது ஓரத்துச் சிவப்பைத் தேடுவார். அட்டை செய்ய வேண்டிய வேலை அவரைப் படத்துக்குத் திருப்பி அனுப்புவதே.

அட்டைக்கு ஒரு வரிசை இருக்கிறது. தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, பிறகு வேண்டுமானால் இரண்டு மூன்று வாக்கியம். தனியாள் காட்சியானால் கலைஞர் பெயர் நுழைவாயிலில் இருந்தால் போதும். குழுக் காட்சியானால் பெயரே முதல் வரி. அளவை எழுதும்போது உயரம் முதலில், அகலம் அடுத்து, சிற்பமானால் ஆழம் மூன்றாவது. இந்த வரிசை தலைகீழானால் நிற்கும் படம் படுத்த படமாகிவிடும். சட்டம் போடுபவர் தவறான அளவில் கண்ணாடி வெட்டிவிடுவார். ஊடகத்தை எழுதும்போது 'கலப்பு ஊடகம்' என்று முடித்துவிடுவது சோம்பல். மண், சாணம், அக்ரிலிக், பழைய வேட்டித் துணி என்று பிரித்து எழுதினால் பார்ப்பவரின் மூக்கும் விரலும்கூட வேலை செய்யத் தொடங்கும்.

பெயரும் ஊரும்

நம் கோயில்களைச் செய்தவர்களின் பெயர் தெரியாது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. சிதம்பரம் வடக்குக் கோபுரம் அதற்கு விதிவிலக்கு. கிருஷ்ணதேவராயரோடு சேர்த்துப் பேசப்படும் கோபுரம் இது. அவர் சிலையும் உள்ளே இருக்கிறது. அதே வாசலில் அதைக் கட்டிய ஸ்தபதிகளும் சிலையாக நிற்கிறார்கள், பெயர் பொறித்து. விருத்தகிரியைச் சேர்ந்த சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து என்று கல் சொல்கிறது. விருத்தகிரி என்பது இன்று கடலூர் மாவட்டத்தில் இருக்கும் விருத்தாசலம். ஜேம்ஸ் ஹார்ல் என்ற ஆய்வாளர் சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களை மட்டும் ஆராய்ந்து 1963இல் தனி நூலே எழுதினார். சிற்பங்களோடு இருந்த பெயர்ப் பொறிப்புகள் அவருக்குப் பெரிய துணை.

பெயர், ஊர், உறவு. ஆளை அடையாளம் காட்ட மூன்று சொல் போதும் என்று அந்தக் கல்வெட்டு நினைத்திருக்கிறது. இன்றைய தன்விவரக் குறிப்புகள் இதற்கு நேர் எதிர். 'சிறு வயதிலிருந்தே கலையின் மீது தீராத காதல் கொண்டவர்' என்று தொடங்கி, 'தனக்கென ஒரு பாணியை உருவாக்கிக்கொண்டவர்' என்று முடியும். எந்த ஓவியருக்கும் இதை ஒட்டலாம். அதனாலேயே யாருக்கும் ஒட்டாது.

நூறு சொல்லுக்குள் எழுதும் தன்விவரத்தில் இருக்க வேண்டியவை: பெயர், பிறந்த ஆண்டு, இருக்கும் ஊர், யாரிடம் அல்லது எங்கே கற்றார், எந்தப் பொருளில் வேலை செய்கிறார், இரண்டு அல்லது மூன்று முக்கியமான படைப்புகள் ஆண்டோடு, அவை எங்கே இருக்கின்றன. அப்பாவிடம் அச்சு வார்க்கக் கற்றவர் அதை எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. கல்லூரிப் பட்டத்துக்கு இணையான தகுதி அது. எழுதுவது படர்க்கையில் இருக்கட்டும். அழைப்பிதழ் அச்சடிப்பவரும் பத்திரிகைக்காரரும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள வசதி.

கலைஞர் தன் வேலையைப் பற்றி எழுதுவது

கலைஞர் கூற்று என்று கேட்டால் பலரும் உறைந்து போவார்கள். ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னால் பிரபஞ்சம், ஆன்மா, தேடல் என்று மூன்று சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நடராசரைப் பற்றி எழுதப்பட்ட இரண்டு புகழ்பெற்ற எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று ஆனந்த குமாரசாமியுடையது. அவர் அறிஞர்; நடராசர் உருவத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் மரபு என்ன பொருள் சொல்கிறது என்று விளக்கினார். 1918இல் நியூயார்க்கில் வெளிவந்த 'சிவ நடனம்' தொகுப்பின் வழியே அந்தக் கட்டுரை உலகெங்கும் போனது. மற்றது அகஸ்ட் ரோடினுடையது. அவர் சிற்பி. இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் செப்புத் திருமேனியின் புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு 1913இல் எழுதினார். 1921இல் அது அச்சில் வந்தது. ரோடின் சித்தாந்தத்துக்குள் போகவில்லை. கண், உதடு, கை, கால் என்று பகுதி பகுதியாக நின்று பார்க்கிறார். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்று கவனிக்கிறார். களிமண்ணைப் பிசைந்து பழகிய கைதான் அப்படிப் பார்க்கும்.

படைப்பவர் எழுத வேண்டியது ரோடினின் வழியில். தத்துவத்தை எழுத அறிஞர்கள் இருக்கிறார்கள். இந்த வளைவு ஏன் இங்கே முடிந்தது, இந்தப் பச்சை ஏன் மூன்றாவது முறை பூசப்பட்டது என்பதைச் செய்தவர் ஒருவரால் மட்டுமே எழுத முடியும்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி கே.சி.எஸ். பணிக்கர். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கியவர். அதற்கு முன்பே, 1961இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தின் சார்பில் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற இதழை நடத்தினார். ஓவியர்களே எழுதி, ஓவியர்களே கொண்டுவந்த இதழ். 1963இல் அவர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைத் தொடங்கினார். படிக்க முடியாத எழுத்து, எண், கட்டம் என்று நிறைந்த அந்தப் படங்கள் பார்ப்பவரைத் திணறடித்தன. அவர் தந்த விளக்கமோ எளிமையானது: இயற்கணிதத்தின் எண்களும் குறிகளும், வடிவியலின் கோடுகளும் தன்னைப் புதிய உருவங்களின் பக்கம் திருப்பின என்றார். ஆண்டு இருக்கிறது, பொருள் இருக்கிறது, தொடங்கிய புள்ளி இருக்கிறது. படிப்பவர் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை மனத்தில் விரித்துக்கொண்டு படத்துக்குள் நுழைந்துவிட முடிகிறது.

கூற்று எழுத உட்காருபவர் தன்னையே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகள்: இந்த வரிசை எந்த ஆண்டு, எதைப் பார்த்ததால் தொடங்கியது? கையில் எடுத்த முதல் பொருள் எது, அதை ஏன் மாற்ற நேர்ந்தது? எதைச் செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்? இப்போது எந்தச் சிக்கல் தீராமல் இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதினால் கூற்று தயார்.

வடிவமைப்புக்குக் காரணம் சொல்வது

ஓவியர் காரணம் சொல்லாமல்கூட இருந்துவிடலாம். வடிவமைப்பாளருக்கு அந்தச் சலுகை இல்லை. எதிரே இருப்பவர் பணம் கொடுப்பவர்; 'இது ஏன் இப்படி?' என்று கேட்பார்.

இந்திய ரூபாய்க்குக் குறியீடு வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் 2009இல் போட்டி வைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. ஐந்து இறுதிச் சுற்றுக்குப் போயின. 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது டி. உதயகுமாரின் வடிவத்தை. அவர் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். அவர் பிறந்த காலத்தில் அந்த ஊர் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும், மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பும் படித்து, தமிழ் அச்செழுத்து வடிவங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்.

அந்தக் குறிக்கு அவர் தந்த விளக்கத்தை மூன்று செய்தியாகச் சுருக்கலாம். தேவநாகரி 'ர'வும், தண்டு இல்லாத ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றாகின்றன. ஆகவே உள்ளூரிலும் வெளிநாட்டிலும் அடையாளம் தெரியும். மேலே உள்ள இரண்டு கோடுகளும் இடைவெளியும் மூவர்ணக் கொடியைச் சுட்டும். அந்த இரு கோடுகளே சமக் குறியாகவும் நிற்கும். ஒவ்வொரு செய்தியும் குறியின் ஏதோ ஒரு கோட்டைத் தொட்டுப் பேசுகிறது. காற்றில் மிதக்கும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அமைச்சர் முதல் பேருந்து நடத்துநர் வரை யாரும் அதைத் திரும்பச் சொல்ல முடிந்தது.

இதே முறையைக் கடலூர் முதுநகர் மீன்கடையின் பெயர்ப்பலகைக்கும் கையாளலாம். 'நவீனத் தோற்றமும் பாரம்பரியமும் இணைந்த வடிவம்' என்று எழுதினால் கடைக்காரர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். 'எழுத்தைத் தடிமனாக வைத்தது, எதிர்ச் சாலையில் போகும் பஸ்ஸிலிருந்து தெரிவதற்காக. பின்னணியை வெள்ளையாக விட்டது, உங்கள் கடையில் டியூப்லைட் வெளிச்சம் நீலமாக விழுவதால். மீன் படம் போடவில்லை, பக்கத்து ஆறு கடையிலும் மீன் படம் இருக்கிறது' என்று எழுதினால் அவர் அதை வைத்துக்கொண்டு தம்பியிடம் வாதாடுவார். முடிவெடுப்பவர் அந்த அறையில் இல்லாதபோதும் விளக்கம் அங்கே போய்ப் பேச வேண்டும்.

காதுக்கு எழுதுவது

மகாசிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி 1981 முதல் நடக்கிறது. பல ஊர்களிலிருந்து வரும் நடனக் குழுக்கள் அடுத்தடுத்து மேடையேறும். ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் தொகுப்பாளர் ஒரு தாளைப் பார்த்துப் படிப்பார். அந்தத் தாள் பெரும்பாலும் நடனக் குழு எழுதிக் கொடுத்தது.

கண்ணுக்கு எழுதியதைக் காது தாங்காது. அடைப்புக்குறிக்குள் போட்ட ஆண்டும், கோடு போட்டு இணைத்த பட்டங்களும், எட்டு எச்சம் அடுக்கிய வாக்கியமும் ஒலிபெருக்கியில் குழம்பிவிடும். இப்படிப்பட்ட குறிப்பில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. உருப்படியின் பெயர், ராகம், தாளம், இயற்றியவர், கதையின் எந்த இடம், நட்டுவாங்கம் யார், பாட்டு யார். முழுக் கதையையும் சொல்லித் தீர்த்துவிட்டால் ஆடுபவருக்கு வேலை இல்லை. 'நந்தனார் மதிலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே போக வழி கேட்கிறார்' என்று நிறுத்தினால் மீதியை அபிநயம் பார்த்துக்கொள்ளும். படிப்பவருக்குப் பழக்கமில்லாத பெயர்களைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்து ஓரத்தில் எழுதித் தருவது நல்லது. மேடைக்குப் பின்னால் அந்த அவசரத்தில் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

படமும் எழுத்தும் பங்கு பிரிப்பது

சில சமயம் எழுதுபவர் வேறு, வரைபவர் வேறு. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வந்த காலத்தில் சிற்பங்களை வரைந்தவர் சில்பி; கூட எழுதியவர் தேவன். சில்பியின் கோடு கல்லின் நகைவேலை வரை விடாமல் சொல்லிவிடும். எனவே தேவனுக்கு நகையை எழுத வேண்டிய அவசியமே இல்லை. கோயிலின் கதையையும் அங்கே போய்ச் சேரும் வழியையும் அவர் எடுத்துக்கொள்ள முடிந்தது.

சிற்றிதழ்களிலும் நூல் அட்டைகளிலும் வேலை செய்த கே.எம். ஆதிமூலம் (1938–2008) வேறொரு வழியில் போனார். கதையில் வரும் காட்சியை அப்படியே வரைந்து காட்டுவதைத் தவிர்த்தார். கோட்டுக்கென்று ஒரு மனநிலை, எழுத்துக்கென்று ஒன்று. நூலின் பெயரையே அவர் கையால் எழுதியபோது அந்த எழுத்துரு தமிழ்ப் பதிப்புலகில் ஒரு அடையாளமாகிவிட்டது.

எழுத்தாளரோடு சேர்ந்து வேலை செய்யும் ஓவியர் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் 'படம் சொல்வது', மறு பக்கம் 'எழுத்து சொல்வது' என்று பிரித்து எழுதிக்கொள்ளலாம். இரண்டு பக்கத்திலும் வரும் செய்தியை ஒரு பக்கத்தில் அடித்துவிட வேண்டும்.

பொட்டலத்தின் மேல்

பண்ருட்டி முந்திரிக்குப் பொட்டலம் வடிவமைக்கிறவர் பாதி நேரம் எழுத்தாளர்தான். முன்பக்கம் அவர் விருப்பம். பின்பக்கம் சட்டத்தின் விருப்பம். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி பொருளின் பொதுப்பெயர், தயாரிப்பவர் அல்லது பொட்டலமிடுபவர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் இருந்தாக வேண்டும். எழுத்தின் உயரத்துக்குக்கூட அளவு உண்டு. உணவு என்பதால் 14 இலக்க உரிம எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், ஒவ்வாமை எச்சரிக்கை ஆகியவையும் சேரும். முந்திரி அந்த எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கும் கொட்டை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடச் சேர்க்கலாம், தமிழ் மட்டும் போதாது. இவை அத்தனையையும் முதலில் எழுதி வைத்துவிட்டு மீதி இடத்தில் வடிவமைப்பைத் தொடங்குபவர் பிழைத்துக்கொள்வார். கடைசியில் சேர்க்க நினைப்பவர் முன்பக்கத்தில் வரைந்த மரத்தை வெட்ட வேண்டியிருக்கும்.

சட்டம் கேட்காத ஒரு வரிக்கும் இடம் விடலாம்: முழுப்பருப்பா, உடைத்ததா, ஓட்டை எப்படி நீக்கினார்கள், எந்தக் கிராமத்துத் தோப்பு. 'தரமும் சுவையும் நிறைந்தது' என்ற வரி எல்லாப் பொட்டலத்திலும் இருக்கிறது.

விலைக் கடிதமும் உரிமையும்

கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் கொலு பொம்மை செய்பவர்களுக்கு நவராத்திரிக்குப் பல மாதம் முன்பே வேலை தொடங்கிவிடும். மண்ணிலும் காகிதக்கூழிலும் அச்சு வார்த்து, காயவைத்து, வர்ணம் பூசி ஏற்றுமதி வரை போகிறது சரக்கு. ஆர்டர் பெரும்பாலும் போனில் முடிந்துவிடுகிறது.

"அண்ணே, தசாவதார செட் இருபது வேணும். போன வருஷம் மாதிரியே."

"அனுப்பிடலாம் தம்பி. ரேட்டு பாத்துப் போட்டுக்கலாம்."

சிக்கல் லாரி இறங்கிய பிறகு வரும். போன வருஷ விலையா, இந்த வருஷ விலையா? நரசிம்மருக்குக் கை உடைந்திருக்கிறது, யார் பொறுப்பு? இத்தனையையும் ஆறு வரியில் தீர்த்துவிடலாம். போனில் பேசி முடித்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி:

"பொருள்: தசாவதார செட், 10 பொம்மை, காகிதக்கூழ், உயரம் 12 அங்குலம். எண்ணிக்கை: 20 செட்.
விலை: செட் ஒன்றுக்கு இவ்வளவு, பேக்கிங் சேர்த்து. லாரி வாடகை வாங்குபவருடையது.
முன்பணம் பாதி, மீதி சரக்கு ஏற்றும் முன்.
ஆவணி 15க்குள் அனுப்பப்படும்.
வர்ணம் மாதிரிப் படத்தின்படி. மாற்றம் இருந்தால் வர்ணம் பூசும் முன் சொல்ல வேண்டும்.
உடைசல்: சரக்கு இறங்கிய இரண்டு நாளுக்குள் படத்துடன் தெரிவித்தால் மாற்றித் தரப்படும்."

கடிதத்தில் சேர வேண்டிய இன்னொரு வரி உரிமையைப் பற்றியது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துத் தன் கேட்பின் பேரில் வரையச் சொன்ன ஓவியத்துக்கோ எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கோ, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதல் உரிமையாளர் அவரே. தாத்தாவின் உருவப்படத்தை வரைந்தவர் அதைக் காலண்டரில் போட நினைத்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா என்று சட்டமே நிரப்பிக்கொள்ளும். இரண்டு சொல் எழுதாததால் ஒரு வடிவம் எங்கே, எத்தனை நாள் ஓடும் என்பதை வேறு யாரோ முடிவு செய்வதாகிவிடுகிறது.

உரிமையை விற்ற பின்னும் படைத்தவரிடம் தங்குவது ஒன்று உண்டு. 57ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அது சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் இடம் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பம் பிய்க்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டதை எதிர்த்து அமர்நாத் சேகல் வழக்காடினார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பாகங்களை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. சுவரோவியம் வரைபவர்கள், வேலை முடிந்த நாளில் தேதியோடு படம் எடுத்து, அளவும் ஊடகமும் எழுதி வைத்துக்கொள்வதற்கு இது போதுமான காரணம்.

பயிற்சிகள்

1. சிதம்பரம் கிழக்குக் கோபுர வாசலில் ஏதேனும் ஒரு கரணத்தின் முன்னால் நின்று, அந்தப் பெண்ணின் கை எங்கிருந்து வந்து அந்த இடத்தில் நிற்கிறது, அடுத்து எங்கே போகும் என்பதை நான்கு வரியில் எழுத வேண்டும். அடைமொழி ஒன்றுகூட வரக் கூடாது. ஊருக்கு வர முடியாதவர்கள் வீட்டில் ஒருவர் தோசை திருப்புவதைப் பார்த்து எழுதலாம்.

2. தன் படைப்பு ஒன்றை எடுத்து, அதைப் பார்க்காத நண்பரிடம் போனில் விவரிக்க வேண்டும். அவர் கேட்டபடி பென்சிலில் வரைவார். முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சொல் வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தெரிந்துவிடும். 'வித்தியாசமான கோணம்' என்று சொன்ன இடத்தில் நண்பரின் தாள் காலியாக இருக்கும்.

3. அட்டை, தன்விவரம், கூற்று மூன்றையும் ஒரே படைப்பு வரிசைக்கு எழுத வேண்டும். அட்டை 40 சொல், தன்விவரம் 100, கூற்று 200. மூன்றிலும் திரும்ப வரும் வாக்கியத்தை இரண்டில் நீக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறொரு ஓவியரின் பெயரோடு சேர்த்துப் படித்துப் பார்க்கலாம். அவருக்கும் பொருந்திவிட்டால் அந்த வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும்.

4. கடைசியாகச் செய்த வேலைக்கு, நடந்து முடிந்ததுதானே என்று விடாமல், விலைக் கடிதம் ஒன்று எழுத வேண்டும். திருத்தங்கள் எத்தனை முறை, கோப்பு எந்த வடிவில், உரிமை எந்த ஊருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்ற நான்கும் அதில் இருக்கட்டும். அடுத்த வேலைக்கு அதே தாளில் பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பி, எதிர்த் தரப்பிலிருந்து 'சரி' என்று எழுத்தில் பதில் வந்த பிறகு முன்பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.